பைக்கற்றில் என் படம்

ஒஸ்லோவில் எந்தத் தமிழ்க் கடைக்குள் நுழைந்தாலும் அரிசி மூட்டைகளுக்கும் தேங்காய்ப்பால் ரின்களுக்கும் நடுவில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற காலம் ஒன்று இருந்தது. மா பைக்கற்றின் மூலையில், கையில் புட்டுக் கோப்பையோடு. படத்தை எடுத்தது என் மாமா. சிரிக்கச் சொன்னது என் அம்மா. இரண்டு பேரும் சேர்ந்து என்னை விற்றார்கள் என்று நான் சொன்னால், "ஐயோ சேசுவே, பெத்த தாயைப் பற்றி இப்பிடியே கதைக்கிறது" என்று சிலுவை போட்டுக்கொள்ளும் ஆட்கள் எங்கள் கோயிலில் நிறையப் பேர் இருக்கிறார்கள். போடட்டும். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு அவர்களே முடிவெடுக்கட்டும்.

என் பெயர் ஜூலியா. பிறந்தது வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில், வளர்ந்தது ஒஸ்லோவில், ட்வெய்ட்டாவில். அப்பா மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சு வலிக்குது என்று உட்கார்ந்தவர், எழும்பவில்லை. எனக்கு அப்போது நாலு வயது. அதன்பிறகு அம்மாவையும் என்னையும் ஒஸ்லோவுக்குக் கூட்டிவந்து, வீடு பார்த்துக் கொடுத்து, எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கி, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டங்களுக்கு அப்பாவின் இடத்தில் வந்து இருந்தவர் அம்மாவின் தம்பி. அருட்செல்வம் என்பது அவருடைய முழுப்பெயர். எனக்குச் செல்வம் மாமா. அவருக்கு ஏதாவது ஒன்று என்றால் நான் என் உயிரையே கொடுத்திருப்பேன். இதைச் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை.

எனக்குப் பதின்மூன்று வயதில் வயிறு வீங்கத் தொடங்கியது. சாப்பிட்டதெல்லாம் நிற்காமல் போனது. கைகால்கள் ஈர்க்குச்சி மாதிரி ஆகிவிட்டன. கண்ணூறு என்றார்கள், பூச்சி என்றார்கள், அம்மா செபமாலையும் வேப்பிலைக் குளிசையுமாகத் திரிந்தார். கடைசியில் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, கோதுமை இந்தப் பிள்ளையின் குடலுக்கு ஆகாது, வாழ்நாள் முழுக்க ஒரு துகள்கூட வாயில் படக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நோர்வேஜியப் பிள்ளைகள் பலருக்கு இந்த வருத்தம் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு வந்தால் மட்டும், "உதென்ன புதுசா ஒரு வருத்தம்" என்று ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

பாண் போனது எனக்குப் பெரிய துக்கமில்லை. எங்கள் வீட்டில் பாண் என்றால் காய்ச்சல்காரர் தின்பது. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் மாட்பக்கெ என்ற சாப்பாட்டுப் பொதியில் மற்றப் பிள்ளைகள் பாணும் பழுப்பு நிறச் சீஸும் வைத்திருக்க, நான் சோறு கொண்டுபோனேன், அவ்வளவுதான். ஆனால் புட்டும் இடியப்பமும் போனதுதான் வலித்தது. அரிசி மாதானே, அதற்கென்ன என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்களின் வீட்டுக் குசினிக்குள் வந்து பார்க்கவேண்டும். அரிசி மாவைத் தனியே குழைத்தால் இடியப்பம் உடையும், புட்டு காய்ந்துபோகும் என்று கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, அரித்து, அரிசி மாவோடு கலப்பார்கள். அவிச்ச மா என்று அதற்குப் பெயர். அது இல்லாமல் புட்டா என்று கேட்பார்கள். கலந்தது என்றே அவர்கள் நினைப்பதில்லை, உப்புப் போட்டதுபோல ஒரு காரியம். கொழும்பிலிருந்து வரும் பைக்கற் மாவிலும் அதே கதைதான். அரிசி மா என்று எழுதியிருந்ததை நம்பித் தின்று இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்தேன்.

அதோடு அம்மா கடை மாவைத் தொடுவதை விட்டார். சிவப்பரிசியை ஊறவைத்து, வடித்து, மிக்சியில் அரைத்து, அரிதட்டில் அரித்து, பெரிய தாச்சியில் போட்டு வறுத்தார். ஒவ்வொரு தடவை வறுக்கும்போதும் புகை மணி அலறும். நான் கதிரையில் ஏறித் துவாயால் விசுக்குவேன். கீழ்வீட்டுக் கிழவி வந்து கதவைத் தட்டி, என்ன எரிகிறது என்று கேட்பாள். மூன்று மிக்சி எரிந்து போயிற்று. கொதிதண்ணீர் விட்டுக் குழைத்தால் தனி அரிசி மாவிலும் இடியப்பம் பிழியலாம் என்று அம்மா கண்டுபிடித்து, கை வெந்து, அப்படிப் பிழிந்த முதல் இடியப்பத்தை எனக்குத் தந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். இந்த அம்மாவைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மறந்துவிடாதீர்கள், நானும் மறக்கவில்லை.

மில் தொடங்கும் யோசனை மாமாவுக்கு வந்தது இந்த மிக்சிகள் எரிந்துகொண்டிருந்த காலத்தில்தான். 2004 குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, மாமா எழும்பி நின்றார்.

"நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து மீன் வெட்டினம், கிழடுகட்டையளைக் கழுவினம், பஸ் ஓட்டினம். எல்லாம் மற்றவன்ரை கொம்பனியிலை. எங்கடை எண்டு சொல்ல ஒண்டு இருக்கே? ஒரு மா மில் போடுவம். எங்கடை அரிசி, எங்கடை மெசின், எங்கடை மா."

"கொழும்பு மா கடையிலை கிடக்குதுதானே செல்வம், பேந்தென்னத்துக்கு மில்?" என்று பின்வரிசையிலிருந்து இரவீந்திரன் கேட்டார். நல்லது எதைத் தொடங்கினாலும் பின்வரிசையில் இருந்து கேள்வி கேட்பதற்கென்றே பிறந்த மனிதர் அவர்.

மாமா என் கையைப் பிடித்து எழுப்பினார். "இந்தப் பிள்ளைக்குக் கொழும்பு மா ஆகாது. இவளைப்போல இன்னும் எத்தினை பிள்ளையள் வரப்போகுதோ ஆருக்குத் தெரியும். அதுகளுக்காகத்தான்."

எனக்குப் பதினெட்டு வயது. அத்தனை பேர் முன்னால் வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் உள்ளே ஒரு சந்தோசம், எனக்காக ஒரு மனிதர் மில்லே கட்டப் போகிறார் என்று. அம்மா என் பக்கத்தில் எழும்பி நின்றார். பத்துப்பேர் இருந்தாலே வாய் திறக்காத மனுசி.

"நான் வேலைக்கு வாறன். என்ரை பங்கையும் போடுறன். ஒரேயொரு நிபந்தனை. கோதம்பை எண்ட பேரே அந்த மில் வாசலுக்குள்ளை வரக்கூடாது" என்றார்.

"அன்னம்மாள் அறிய வராது, அக்கா" என்று மாமா நெஞ்சில் கைவைத்தார். யாழ்ப்பாணத்தில் எங்கள் தீவுக் கோயிலின் பாதுகாவலி புனித அன்னம்மாள். மாதாவின் தாய். அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் ஆட்கள் பொய்ச் சத்தியம் பண்ணமாட்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கே பத்துக் குடும்பங்கள் பங்கு சேர்ந்தன. நோர்வே மொழியில் பங்கை அக்சியெ என்பார்கள், வாயில் நுழையாத பெண்டுகள்கூட ஒரு கிழமைக்கு "அக்சியெ, அக்சியெ" என்று தும்மிக்கொண்டு திரிந்தார்கள். பெயர் வைப்பதில்தான் சண்டை. ஒருவருக்குத் தமிழன் மில், ஒருவருக்கு யாழ் மில், இரவீந்திரனுக்கு இரவீந்திரன் மில். கடைசியில் மாமாவின் சத்தியம் பெயரையும் முடித்துவைத்தது. அன்னம்மாள் மா மில்.

அல்னா தொழிற்பேட்டையில் ஒரு பழைய கிடங்கை எடுத்தார்கள். மெசின் கோயம்புத்தூரிலிருந்து கப்பலில் வந்தது. கூட வந்த சிறு புத்தகத்தில் 'மாவு அரவை இயந்திரம்' என்று இருந்தது. "மாவாம் மாவு, இந்தியாக்காரருக்கு எல்லாத்துக்கும் ஒரு வால் வேணும்" என்று மாமா பகிடி விட்டபடி அதைப் பொருத்தினார். சுவாமியார் வந்து மெசினுக்குத் தீர்த்தம் தெளித்தார். அவர் தாராளமாகத் தெளிக்கத் தெளிக்க, "சுவாமி, மோட்டர்ப் பக்கம் வேண்டாம், மோட்டர்ப் பக்கம் வேண்டாம்" என்று மாமா கையால் மறைத்துக்கொண்டு ஓடினார். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம்.

முதல் மா சூடாக வந்து விழுந்தபோது அம்மா அதை அள்ளி மணந்து பார்த்தார். அங்கேயே தாச்சி வைத்து வறுத்து, அங்கேயே குழைத்து, புட்டு அவித்து, எனக்குத்தான் முதல் கோப்பை. நான் சாப்பிட்டுவிட்டு, வருத்தம் வருகிறதா என்று இரண்டு நாள் பயந்து பயந்து இருந்தேன். ஒன்றும் வரவில்லை. பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிய மாவும் சுத்தம் என்று பதில் வந்தது. கோதுமை இல்லாத மா என்று பைக்கற்றில் பெரிய எழுத்தில் போட்டார்கள்.

மா சுத்தம்தான். ஆனால் ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

கோயிலில் ஒரு பிள்ளையின் முதல் நன்மை விருந்துக்கு எங்கள் மாவில் இடியப்பம் பிழிந்திருக்கிறார்கள். தட்டிலிருந்து எடுக்கும்போதே தும்பு தும்பாகப் போனதாம். கடை வைத்திருக்கும் கமலேஸ்வரி அன்ரி வாங்கின பைக்கற்றுகளைத் திருப்பிக் கொண்டுவந்து மில் வாசலில் வைத்தார். "செல்வம், சனம் என்னைக் கிழிக்குது. உந்த மாவிலை இடியப்பம் பிழியிறதெண்டால் கையிலை வயிரம் வேணும்." கொதிதண்ணீரில் குழையுங்கோ என்று அம்மா வீடு வீடாகச் சொன்னார். சனம் கேட்கவில்லை. அதுகளுக்குப் பழகின மாதிரிப் பச்சைத்தண்ணியில் குழைக்கவேண்டும், பஞ்சாகவும் வரவேண்டும். பங்கு போட்ட குடும்பங்களே கொழும்பு மாவை மறைத்து வாங்கிப் போனார்கள். மாமா முகத்தில் களை இல்லை. மெசினுக்குப் பக்கத்தில் வெறும் வாளியில் குந்திக்கொண்டிருப்பார்.

அடுத்த கோடையில் எல்லாம் மாறிற்று. திடீரென்று அன்னம்மாள் மா என்றால் சனம் அள்ளிக்கொண்டு போகத் தொடங்கியது. "என்ன செய்தனீங்கள் மாமா?" என்று கேட்டேன். "கல்லை மாத்தினனான், பிள்ளை. இப்ப நல்ல நைசா அரைக்குது" என்றார். கமலேஸ்வரி அன்ரி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த நேரத்தில்தான் பைக்கற்றில் என் படம் வந்தது. "நீ நல்லா இருக்கிறதை விட வேறை என்ன விளம்பரம் வேணும்?" என்றார் மாமா. எனக்குக் கன்னம் விழுந்திருந்த காலம் போய், கொழுகொழு என்று இருந்தேன்.

பூசை முடிந்து மண்டபத்தில் மேசை போட்டு மா விற்பது என் வேலை. படிக்கிற பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை நித்திரை கொள்ளாமல் வந்து நிற்கிறாளே என்று சனம் மெச்சும். நான் மா விற்கவில்லை, என்னையே விற்றேன். "நான் ஒவ்வொரு நாளும் சாப்பிடுறன். என்னைப் பாருங்கோ, எனக்கென்ன குறை?" இதுதான் என் பாட்டு. உண்மையாகவே நான் ஒவ்வொரு நாளும் சாப்பிட்டேன். மில்லிலிருந்து அம்மா பழைய ஐஸ்கிறீம் பெட்டிகளில் மாவை அள்ளிக்கொண்டு வருவார். மில்காரர் வீட்டுக்கு எதற்குப் பைக்கற்?

அனஸ்ரேசியா அன்ரி என்னிடம் வந்தது அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை. முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், அதிகம் கதைக்காதவர். அவருடைய மகன் நிலனுக்கு ஆறு வயது, அவனுக்கும் என் வருத்தம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். மேசைக்கு முன்னால் நின்று அழுதார். "புட்டு இல்லாட்டி ஒண்டும் தின்னமாட்டான் பிள்ளை. எனக்குச் சொல்லு, நீ சொன்னால் நம்புவன். இதைக் குடுக்கலாமே?"

நான் மேசையைச் சுற்றிப் போய் அவரைக் கட்டிப்பிடித்தேன். "குடுங்கோ அன்ரி. என்னையும் ஒருக்கா இப்பிடித்தான் எலும்பாத் தூக்கிக்கொண்டு திரிஞ்சவை. இந்த மாதான் என்னை எழுப்பினது."

அதன்பிறகு அவர் ஒவ்வொரு கிழமையும் வாங்கினார். நிலனைக் கண்டால் நான் கன்னத்தைக் கிள்ளுவேன். அவன் கன்னம் உப்பவேயில்லை. கொஞ்ச நாளில் கோயிலுக்கே அவர்கள் வராமல் விட்டார்கள். வேலையாக இருக்கும் என்று நினைத்தேன்.

2006இல் நத்தாருக்கு முந்திய திருவருகைக்காலத்தில் அனஸ்ரேசியா அன்ரி திரும்ப வந்தார். கையில் திறந்த மா பைக்கற். பாதி முடிந்திருந்தது. மேசைக்கு முன்னால் நாலைந்து பேர் நின்றார்கள். அவர் அவர்களை விலக்கவுமில்லை, காத்துநிற்கவுமில்லை.

"நிலனுக்கு இரத்தம் குத்திப் பார்த்தவை. முந்தினதை விட மோசமாம். நான் களவாப் பாண் குடுக்கிறனோ எண்டு டொக்டர் கேக்கிறார். சோறும் இந்த மாவும் மட்டும்தான் பிள்ளை குடுக்கிறன். வேறை ஒண்டும் இல்லை."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் மில், என் மாமா, என் அம்மாவின் வெந்த கை, எல்லாரையும் அவர் சனத்துக்கு முன்னால் சந்தி சிரிக்க வைப்பதுபோல இருந்தது.

"அன்ரி, அவன் பள்ளிக்கூடத்திலை ஆரிட்டையும் வாங்கித் தின்னிறானோ எண்டு பாருங்கோ. எங்கடை மாவைச் சொல்லாதேங்கோ. நான் உயிரோடை முன்னாலை நிக்கிறன்."

"அவன் தின்னேல்லை" என்றார் அவர். அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"தாங்கோ அந்தப் பைக்கற்றை. இண்டைக்கு மத்தியானம் இதிலையே நான் புட்டு அவிச்சுச் சாப்பிடுறன். எனக்கு ஒண்டும் வராட்டி அடுத்த ஞாயிறு இந்த மண்டபத்திலை நீங்கள் மன்னிப்புக் கேக்கவேணும்."

அவர் பைக்கற்றை என் கையில் தந்துவிட்டுப் போனார். நான் ரி-பானா ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு, என் படத்தையே பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஒரு துளிச் சந்தேகம் எனக்கு இல்லை. மாறாக, அவரை எப்படி மடக்குவது என்றுதான் வசனம் கட்டிக்கொண்டு போனேன்.

வீட்டில் மாமா வந்திருந்தார். ஞாயிறு மத்தியானம் எங்களோடுதான் அவருக்குச் சாப்பாடு. தொலைக்காட்சியில் பனிச்சறுக்கல் ஓட்டப்போட்டி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா குசினியில் நண்டுக்கறி வைத்துக்கொண்டிருந்தார். நான் பைக்கற்றை மேசையில் போட்டேன்.

"உதென்னத்துக்கு? எங்கடை மா பெட்டிக்குள்ளை கிடக்குதே" என்றார் அம்மா.

நான் நடந்ததைச் சொன்னேன், அனஸ்ரேசியா அன்ரி போலக் கதைத்தும் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. பைக்கற்றைக் கையில் எடுத்தார்.

"உது பழசு. வண்டு பிடிச்சிருக்கும். எறிஞ்சுபோட்டு வேறை எடுத்துத் தாறன்."

"போன கிழமை வித்த மா அம்மா. விடுங்கோ." இழுத்துப் பறித்துக்கொண்டேன். அம்மா கையைத் துடைத்தார், துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார். நான் கண்டும் காணாதவள்போலத் தண்ணீர் சுடவைத்தேன்.

மாவைக் குழைத்தபோதுதான் என் விரல்களுக்கு முதலில் விளங்கியது. எங்கள் வீட்டு மா கையில் மணல்போல உதிரும். இது குழைந்து திரண்டது, ஒட்டியது. பைக்கற் மாவை அதுவரை நான் ஒருநாளும் குழைத்ததில்லை, விற்றிருக்கிறேன். இரண்டும் ஒரே மில்லில் ஒரே அரிசியில் வந்த மா என்றால் ஏன் இப்படி? கேள்வி வந்தது. அதை நான் கேட்கவில்லை, புட்டுக்குழலை அடுப்பில் வைத்தேன். சண்டைக்காரிக்கு நடுவழியில் நிற்கத் தெரியாது.

புட்டுப் பஞ்சாக இறங்கியது. கோப்பையில் போட்டு, சீனியும் வாழைப்பழமும் பிசைந்து, மேசையில் இருந்தேன். அம்மா எனக்கு முன்னால் நின்றார். நண்டுக்கறி அடிப்பிடித்து மணந்தது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் பிடியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். அம்மா என் கையில் ஓங்கி அடித்தார். கோப்பை பறந்து அடுப்பில் மோதி உடைந்தது. புட்டு குசினி முழுக்கச் சிந்தியது.

"சாப்பிடாதை! மாதாவே, சாப்பிடாதை பிள்ளை!"

மாமா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எழும்பி வந்து வாசலில் நின்றார்.

"என்னத்தைக் கலந்தனீங்கள்?" என்றேன். நான் மாமாவைத்தான் பார்த்துக் கேட்டேன்.

"கத்தாதை பிள்ளை. கொஞ்சம். அவிச்ச மா கொஞ்சம். சனத்துக்கு இடியப்பம் பிழியவேணுமே. அவிச்சதுதானே, பச்சை மா இல்லை. ஆவியிலை நல்லா அவிச்சால் உந்த வருத்தம் தாற சாமான் செத்துப்போம்."

"ஆர் சொன்னது?"

"சொல்லவேணுமே? சுடச்சுட அவியிறதிலை எந்தக் கிருமி தப்பும்?"

"அது கிருமி இல்லை மாமா!" கத்தினேன். "பாணை நெருப்பிலை போட்டு வேகவைக்கினம். அதைத் திண்டுதானே நான் எலும்பானனான்! அந்த நெருப்பிலை சாகாதது உங்கடை ஆவியிலை சாகுமே?"

அவர் உண்மையாகவே நம்பியிருந்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். நம்ப விரும்பியதை நம்பினார், ஒரு தடவைகூட ஒருவரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை. ஆனால் அவரை என்னால் அந்த நேரத்தில்கூடப் பார்க்க முடிந்தது. அம்மாவைத்தான் பார்க்க முடியவில்லை.

"உங்களுக்குத் தெரியுமோ, அம்மா?"

"மாமா சொன்னவர்... அவிச்சாப் போயிடும் எண்டு. நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

"நினைச்சீங்களோ? அப்ப எனக்கு ஏன் அந்த மாவைத் தரேல்லை?"

அம்மா திரும்பி, அடிப்பிடித்த நண்டுக்கறியை இறக்கி வைத்தார்.

"சொல்லுங்கோ அம்மா. போயிடும் எண்டு நம்பினால் எனக்கும் அதைத் தந்திருக்கலாந்தானே. ஏன் ஐஸ்கிறீம் பெட்டி?"

"உனக்குத்தானே நான் நல்ல மா தந்தனான், ஜூலியா" என்று அம்மா அழத் தொடங்கினார். "மெசினை உரஞ்சிக் கழுவின கையோடை முதல் உன்ரை அரிசியைத்தான் போடுவன். அதுக்குப் பிறகுதான் மற்றது. ஒருநாளும் தவறவிடேல்லை. காய்ச்சலோடையும் போய்க் கழுவினனான்."

நன்றி சொல்லு என்பதுபோல என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நான் கொழுகொழு என்று இருந்தேன், அதைக் காட்டி மாவை விற்றார்கள். ஒரு தாய் அழுதுகொண்டு வந்தபோது நானே கட்டிப்பிடித்து அந்த மாவைக் கையில் கொடுத்தேன். என் அம்மா மண்டபத்தின் அந்தப் பக்கத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார். அவரால் ஒரு சொல் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. என் பிள்ளை தப்பினால் போதும் என்று இருந்தார். என்னைக் காப்பாற்றினார் என்று எப்படி நான் சொல்வது? என்னைத் தூண்டிலில் இரையாகக் குத்தினார்கள், இரை கெட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

"வெளியிலை விடாதை பிள்ளை" என்றார் மாமா மெல்ல. "பத்துக் குடும்பம் நம்பிப் போட்டிருக்குது. வெள்ளைக்காரன் பேப்பரிலை போட்டானெண்டால் தமிழ்ச்சனம் முழுக்க நாறிப்போகும். நாளைக்கே கலக்கிறதை நிப்பாட்டுவம். அந்தப் பெடியனுக்கும் அக்கா வேறையா அரைச்சுக் குடுப்பா. உன்னைப்போலவே."

"ஓம், நான் குடுக்கிறன். அவனுக்கும் ஒரு பெட்டி குடுக்கிறன்" என்றார் அம்மா, விழுந்து விழுந்து.

இரண்டு பேருக்கும் அது ஒரு நல்ல தீர்வாகத் தெரிந்தது. இன்னொரு பெட்டி கூடினால் போதும், மற்றவர்கள் எப்படியும் போகட்டும்.

"நாளைக்குக் காலமை உணவுக் கண்காணிப்புக்காரருக்கு நான் எடுத்துச் சொல்லுவன். கடைக்காரர் எல்லாருக்கும் சொல்லுவன்" என்றேன். "இப்ப அன்ரிக்குச் சொல்லப் போறன்."

"ஜூலியா!" மாமா தொலைபேசிக்கு முன்னால் வந்து நின்றார். என்னைச் சைக்கிளில் ஏற்றிப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிய மனிதர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சநேரத்தில் விலகினார்.

அனஸ்ரேசியா அன்ரி உடனே எடுத்தார். பின்னால் நிலனின் குரல் கேட்டது, ஏதோ வேண்டும் என்று சிணுங்கிக்கொண்டிருந்தான்.

"அன்ரி, அந்த மாவை அவனுக்குக் குடுக்காதேங்கோ. கோதம்பை கலந்திருக்குது. உங்களிலை ஒரு பிழையும் இல்லை. டொக்டருக்கும் சொல்லுங்கோ."

வையப் போகிறார் என்று காத்துக்கொண்டு நின்றேன். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நீ என்னத்தைச் சாப்பிட்டனி, பிள்ளை?" என்றார்.

"அம்மா எனக்கு வேறையா அரைச்சவ."

"உனக்குத் தெரியாதோ?"

"தெரியாது அன்ரி. சத்தியமாத் தெரியாது."

அவர் நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்லவுமில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். யார்தான் நம்புவார்கள்? தின்றது நான், விற்றது நான், கொழுத்தது நான்.

"உனக்கு நல்ல அம்மா, பிள்ளை" என்று சொல்லிவிட்டு அவர் தொலைபேசியை வைத்தார்.

நான் திரும்பினேன். மாமா சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா குசினித் தரையில் குந்தியிருந்து கோப்பை உடைசல்களுக்கு நடுவில் புட்டைக் கையால் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.

"என்னவாம்? ஏசினவவே?" என்றார் நிமிராமல்.

"இல்லை. எனக்கு நல்ல அம்மாவாம்."

அம்மாவின் கை நின்றது. எழும்புவதற்கு என் பக்கம் கையை நீட்டினார். நான் பிடிக்கவில்லை.